ஆட்சேபனை இல்லை

மச்சான் மரியாதையாகப் பேசியபோதுதான் மூடிக்காரருக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது.

மனைவியின் தம்பி அவன். போன் எடுத்தால், "என்ன அத்தான், இன்னும் இருக்கீங்களா" என்றுதான் ஆரம்பிப்பான். கல்யாணமான நாளிலிருந்து அதே வாய்தான். அன்றைக்கு என்னவோ, சாப்பிட்டீங்களா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே, வெயில் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கைமாற்று கேட்க வருகிறவன்கூட இவ்வளவு குழைய மாட்டான். மூடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைப் பார்த்தார். அவன் எண்தான். கடைசியில் விஷயம் ஒரு வரியில் வந்தது. சரக்கு சம்பந்தமாக யாராவது ஏதாவது கேட்டால், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டுமாம். யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள் என்றால், சும்மா சொன்னேன் அத்தான் என்றான். சும்மா யாரும் எதையும் சொல்வதில்லை.

மூடிக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். தெருவில் சாக்கடைக் குழியின் மேல் வட்டமாக இரும்பு மூடி கிடக்கிறதே, அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து நகராட்சிக்கும் கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் விற்பது அவர் தொழில். யாராவது கேலி செய்தால், "உங்க எல்லார் நாத்தத்தையும் மூடி வெச்சிருக்கறவன் நான், பாத்துப் பேசுங்க" என்பார். வாய் கொஞ்சம் நீளம், படிப்பு கம்மி. கணக்கு மனசிலேயே ஓடும். எழுத்து, கம்ப்யூட்டர் என்றால் மருமகளைக் கூப்பிடுவார். மகன் கப்பல் வேலைக்காரன். வருஷத்தில் பாதி கடலில் கிடப்பான். வியாபாரத்தின் காகிதமெல்லாம் மருமகள் கையில்தான்.

குடியிருந்தது வாடகை வீடு. ஆனால் துறைமுகத்துக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி, சொந்தமாக ஒரு கிடங்கு வைத்திருந்தார். தவளை கத்திக்கொண்டிருந்த சேற்று நிலம் அது. எவனும் சீந்தாத விலைக்கு வாங்கி, லாரி லாரியாகக் கல்லும் உடைந்த சுவரும் கொட்டி மேடாக்கி, தகரக் கூரை போட்டார். உள்ளே மூடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி அடுக்கியிருக்கும். தாரும் துருவும் கலந்த வாசனை அடிக்கும். இத்தனை வருஷம் உழைத்ததற்கு அவர் கையில் நின்றது அந்த இடம் ஒன்றுதான். யாராவது விலாசம் கேட்டால் வீட்டு விலாசத்தைச் சொல்ல மாட்டார், கிடங்கு விலாசத்தைத்தான் சொல்வார்.

மூடிகளை வார்ப்பது மச்சானின் ஆலையில். கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், அவனுக்கு இரும்பு உருக்கும் ஆலை இருந்தது. சரக்கு கப்பல் ஏறியதும் கப்பல் கம்பெனி மூன்று அசல் ரசீது தரும். மூன்றில் எதை நீட்டினாலும் துறைமுகத்தில் சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். முறைப்படி மூன்றும் வங்கி வழியாக வர வேண்டும். வாங்குகிறவர் இங்கே பணத்தைக் கட்டினால்தான் ரசீது கைக்குக் கிடைக்கும். ஆனால் வங்கிக் காகிதம் நத்தை மாதிரி நகரும். அதற்குள் சரக்கு வந்து துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறும். அதனால் மச்சான் இரண்டு ரசீதை வங்கியில் கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கூரியரில் நேராக அத்தானுக்கு அனுப்பிவிடுவான். குடும்பத்துக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவில் வங்கி எதற்கு, புதுசாகக் கட்டிக்கொண்ட ஜோடிக்கு நடுவில் மாமியார் படுத்த மாதிரி என்பான். மூடிக்காரரும் சிரித்துக்கொண்டே அந்த ஒற்றை ரசீதைக் காட்டிச் சரக்கை எடுத்துவிடுவார்.

பணமும் வங்கி வழியாகப் போகவில்லை. ஆலைக்குப் பழைய இரும்பு கொடுக்கிற வியாபாரி ஒருவன் இருந்தான். அவனுக்கு நேராக அனுப்பிவிடுங்கள், எனக்கு வேலை மிச்சம் என்று மச்சான் சொன்னான். அவர் அனுப்பினார். ஆலைக்குப் போக வேண்டிய பணம் ஆலைக்குத்தானே போகிறது, எந்த வாசல் வழியாகப் போனால் என்ன என்று நினைத்தார். மருமகள் மட்டும் ஒவ்வொரு தடவையும், பேங்க் வழியாவே கட்டிடலாமே மாமா என்பாள். உன் வீட்டுச் சொந்தத்தை நீ நம்பு, என் வீட்டுச் சொந்தத்தை நான் நம்புகிறேன் என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மச்சான் அந்த இரண்டு ரசீதையும் பில்லையும் வங்கியில் கொடுத்து, சரக்கின் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டிருந்தான். வாங்குகிறவர் கட்டும்போது வங்கி அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வாங்குகிறவரோ வங்கி இருக்கும் திசைக்கே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரே சரக்குக்கு இரண்டு பக்கமும் கறந்துகொண்டு மச்சான் தடபுடலாக ஆலையை விரிவாக்கிக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கொண்டுவந்தது துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட். டீ குடிக்க வந்தவன், கிடங்கின் வாசலில் நின்றபடியே, "உங்க மச்சான் மேல அங்க கேஸ் ஓடுது தெரியுமா? அதுல உங்க பேரும் அடிபடுதாம்" என்றான். என் பேர் எதற்கு அடிபடுகிறது என்று மூடிக்காரர் சண்டைக்குப் போனார். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மருமகள் நாலு பக்கம் விசாரித்து வழக்குக் காகிதத்தின் நகலை வரவழைத்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். வங்கி மச்சானிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறது. மச்சான் பதிலில் எழுதியிருக்கிறான்: சரக்கை வாங்கியவர் ஒரு காசுகூடத் தரவில்லை, வங்கிக்குத் தெரியாமல் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்து விழுங்கிவிட்டார், நானே ஏமாந்தவன்.

மூடிக்காரர் அதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை வேண்டாம் என்று கையைக் காட்டினார். சமையலறை வாசலில் நின்ற மனைவி உள்ளே போய், திறந்திருந்த குழாயை மூடினாள்.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மருமகளை உட்காரவைத்து அந்த இந்திய வங்கிக்கு எழுதினார். பணம் கொடுத்தது இன்னாருக்கு, அத்தாட்சி இருக்கிறது, என் பெயரைக் கெடுக்காதீர்கள், என்னையும் கேளுங்கள் என்று எழுதினார். பதில் வந்தது. நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்ல, உங்களுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இந்த வழக்கில் நீங்கள் ஒரு தரப்பும் அல்ல, ஆகவே உங்கள் விளக்கத்தைப் பரிசீலிக்க வழியில்லை. அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஆள் என்றே கணக்கில் வைக்காததுதான் தைத்தது.

"திருடன்னு எழுதி வெச்சுக்குவானுங்களாம். நான் வாயத் தொறந்தா மட்டும் நீ யாருன்னு கேப்பானுங்களாம்" என்று கிடங்கில் யாரும் இல்லாத இடத்தில் மூடிகளைப் பார்த்துச் சொன்னார்.

மருமகள்தான் வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். டயர் கடைக்கு மேலே இருந்தது அவள் அலுவலகம். படி முழுக்க ரப்பர் வாசனை. கீழே நட்டுக் கழற்றும் மெஷின் அலறும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினாள். பெரிய படிப்பு படித்தவள். படித்தவர்களை மூடிக்காரர் சீக்கிரம் நம்பமாட்டார். இவள் ஃபீஸ் பற்றிப் பேசாமல் முதலில் காகிதத்தைப் படித்ததால் கொஞ்சம் உட்கார்ந்தார்.

காகிதத்தை மடித்துவைத்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி. அந்த நாட்டில் உங்களுக்குச் சொத்து ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க ஐயா" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்தது. நான் இங்கே வெந்துகொண்டிருக்கிறேன், தூங்கச் சொல்கிறீர்களே என்றார். அவள் சிரிக்கவில்லை. பேனாவால் மேஜைமேல் ஒரு கோடு இழுத்தாள், மை இல்லாத பேனா. இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அந்தக் கோர்ட் என்றாள். நடுவில் கடல். அந்தக் கோர்ட் என்ன தீர்ப்பு எழுதினாலும் அது உங்களைத் தொட முடியாது. ஏனென்றால் நீங்கள் அதற்குள் போகவில்லை. நீங்கள் அந்த வழக்கில் யாரும் இல்லை.

"யாரும் இல்லாம இருக்கற வரைக்கும்தான் உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்களா போய், நானும் இருக்கேன், என்னையும் கேளுங்கன்னு கையெழுத்துப் போட்டா, அந்தக் கோர்ட்ட நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும். அப்புறம் அங்க எழுதற தீர்ப்ப இங்க கொண்டுவந்து உங்க கதவுல ஒட்டலாம்."

கீழே மெஷின் அலறியது. அது நிற்கும்வரை மூவரும் அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியென்றால் என் பெயர் என்று அவர் கேட்டார். பெயர் அங்கே கெட்டால் கெட்டுப்போகட்டும், கிடங்கு இங்கே நிற்கும் என்றாள். எப்படியும் நீங்கள் உள்ளே வர விரும்பினாலும் வங்கி விடாது, வெளியாள் என்று ஆட்சேபனை செய்யும், எல்லா வங்கியும் அதைத்தான் செய்யும் என்றும் சொன்னாள். படி இறங்கும்போது மருமகளின் முகம் தெளிந்திருந்தது. அவருடைய முகம் இல்லை. உள்ளே வரக்கூடாது என்று ஒருவன் கதவைச் சாத்தினால், அந்தக் கதவைத் தட்டாமல் திரும்பிப் பழக்கமில்லாதவர் அவர்.

வீட்டில் மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. அது இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். ராத்திரி விளக்கணைத்த பிறகு அவள் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரியும். பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். தம்பி போன் செய்தானாம். ஆலையை வங்கி ஏலத்துக்குக் கொண்டுவரப் போகிறதாம். வக்கீல் பேச்சைக் கேட்டு அப்படி எழுதிவிட்டேன், அத்தான் கால்ல விழறேன் என்றானாம். அத்தான் வந்து, பணத்தை இரும்பு வியாபாரிக்குக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அவர் பெயரும் தெளியும், ஆலையும் தப்பும் என்றானாம்.

"உன் தம்பி என்னைத் திருடன்னு எழுதியிருக்கான்" என்றார்.

"எழுதினான். நான் இல்லன்னு சொல்லல" என்றாள். மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள். "நாளைக்கு அவன் நடுத்தெருவுக்கு வந்தா, இந்த வீட்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் சோறு போடுவேன்? நீங்க பொய் சொல்லப் போகலியே. நடந்ததத்தான சொல்லப் போறீங்க."

அதுதான் அவரைச் சாய்த்தது. நடந்ததைத்தானே சொல்லப் போகிறோம். உண்மையைச் சொல்லுகிறவனுக்கு என்ன பயம் என்று இந்த வயசிலும் ஒரு மனுஷன் நினைக்கிறான் பாருங்கள். பிறத்தியார் ஒவ்வொருத்தரையும் சந்தேகப்படுகிறவர். தன் நியாயத்தை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மருமகள் மறித்தாள். ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியிலும் வண்டியில் உட்கார்ந்து மறித்துக்கொண்டே வந்தாள். வக்கீலம்மா சொன்னதை ஒப்பித்தாள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள் மாமா, பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். சரி சரி என்று தலையாட்டினார். மகன் எங்கோ நடுக்கடலில் இருந்தான். அவனுக்குப் போன் கிடைக்கவில்லை.

அந்தக் கரையில் மச்சானே வந்து நின்றான். பெட்டியைப் பிடுங்கி அவனே தூக்கிக்கொண்டான். ஆள் இளைத்திருந்தான், ஆனால் சட்டை புதுசு. கார் கதவைத் திறந்துவிட்டான். அத்தானை என்றைக்கும் பின் ஸீட்டில் உட்காரவைக்காதவன் அன்றைக்குப் பின்னால் உட்காரவைத்தான். வழியெல்லாம் அக்கா எப்படி இருக்கிறாள், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டதையே கேட்டான். ஏன்டா அப்படி எழுதினாய் என்று இவர் கேட்டதற்கு மட்டும், கண்ணாடியில் இவரைப் பார்க்காமல், அது வக்கீல் பண்ணின வேலை அத்தான் என்றான்.

ஆலையைப் பார்க்கவேண்டும் என்று இவர்தான் கேட்டார். மச்சானுக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் கூட்டிப்போனான். உலை அணைந்து கிடந்தது. எப்போது வந்தாலும் முகத்தில் அனல் அடிக்கிற இடம். இப்போது உள்ளே போனதும் குளிர்ந்தது. மணல் அச்சுகள் காய்ந்து பிளந்திருந்தன. ஒரு ஆள் இல்லை. இவருடைய கம்பெனிக் குறி போட்ட மூடிகள் ஒரு மூலையில் பாதி வார்த்தபடி கிடந்தன; ஒன்றில் குறி மட்டும் விழுந்து மீதி வட்டம் விழாமல் நின்றிருந்தது. சுவரில் வங்கி ஒட்டிய நோட்டீஸை யாரோ கிழித்த தடம் இருந்தது. கிழித்தது அவசரமாகக் கிழித்த மாதிரி இல்லை, நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்த மாதிரி இருந்தது.

"ஏலம் எப்ப?" என்று கேட்டார்.

மச்சான் தரையைப் பார்த்தான். "தள்ளி வெச்சிருக்காங்க அத்தான்" என்றான்.

யார் தள்ளிவைத்தது, எதற்காகத் தள்ளிவைத்தது என்று கேட்டிருக்க வேண்டும். அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அதற்குள் மச்சான், வாங்க நேரமாகுது என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

கோர்ட்டு பழைய கட்டடம் இல்லை. ஏதோ அலுவலகம் மாதிரி, லிஃப்ட் வைத்த மாடி. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருந்தார்கள். நாற்காலியைத் திருடுகிறவர்கள் வந்துபோகிற இடமா, இல்லை நாற்காலிகளே ஓடிவிடும் என்று பயமா என்று மூடிக்காரர் கேட்டார். மச்சான் சிரிக்கவில்லை. இந்த மாதிரி ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறவன் அவன்.

மச்சானின் வக்கீல் வந்தார். வாட்டசாட்டமான ஆள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். ஒரு மனுவை நீட்டினார். சரக்கு வாங்கிய என்னையும் இந்த வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்த்து என் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் இருப்பதாகச் சொன்னார். கூடவே வக்காலத்து. மூடிக்காரர் வாங்கிப் புரட்டினார். அவர் பெயர், அப்பா பெயர், வயசு எல்லாம் சுத்தமாக அடித்து வைத்திருந்தது. அப்பா பெயரை இங்கே யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"என் பேரெல்லாம் முன்னாடியே அடிச்சு வெச்சிருக்கீங்களே?" என்றார்.

"நேரம் மிச்சமாகும்னு நான்தான் சொன்னேன் அத்தான்" என்றான் மச்சான்.

மருமகள் சொன்னது ஞாபகம் வந்தது. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தார். எதிரே கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு கிழவர் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். வங்கியின் வக்கீல் அவர்தான் என்றார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பி மூடிக்காரரைப் பார்த்தார். முறைத்துப் பார்க்கவில்லை. கறிக்கடையில் காத்திருக்கிறவர் பார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தார். உன்னை உள்ளே விடமாட்டேன் என்று அந்த ஆள் மனசில் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மூடிக்காரருக்குப் பட்டது. அந்த எண்ணம்தான் பேனாவை ஓட்டியது. போட்டார். காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். கடைசிப் பக்கத்தில் இன்னும் நன்றாக அழுத்திப் போட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி இருமிக்கொண்டே மனுவைப் படித்தார். மூடிக்காரர் எழுந்து நின்று சண்டைக்குத் தயாராக இருந்தார். வக்கீலம்மா சொன்ன மாதிரி, இவன் வெளியாள், இவனுக்கு இங்கே என்ன வேலை என்று அந்தக் கிழவர் எழுந்து கத்தப்போகிறார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று விமானத்திலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

கிழவர் மெல்ல எழுந்தார்.

"ஆட்சேபனை இல்லை" என்றார். உட்கார்ந்துகொண்டார்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே அது புதுசாக இருந்திருக்க வேண்டும். அப்படியே எழுதிக்கொண்டார். மச்சானின் வக்கீல் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். எல்லாம் அவ்வளவு சுலபமாக முடிந்ததில் மூடிக்காரர் முன்னால் இருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டார். தோளால் முட்டித் திறக்கப் போன கதவு உள்ளிருந்தே திறந்துவிட்டால் மனுஷன் முன்னால் விழத்தான் செய்வான்.

கடல் தாண்டி வந்திருப்பதால் இன்றைக்கே இவருடைய வாக்குமூலத்தை எடுத்துவிடலாமா என்று வங்கி வக்கீலே கேட்டார். நீதிபதி சரி என்றார். இவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். கிழவர் தமிழிலேயே கேட்டார், ஐயா ஐயா என்று கேட்டார்.

சரக்கு வந்ததா என்றார். வந்தது என்றார் இவர். வங்கியில் பணம் கட்டி ரசீது வாங்கித்தான் எடுத்தீர்களா? இல்லை, மச்சான் அனுப்பிய ரசீதைக் காட்டி எடுத்தேன். எல்லாச் சரக்கும் அப்படித்தானா? எல்லாம் அப்படித்தான், நாங்கள் சொந்தக்காரர்கள். பில்லில் வங்கி வழியாகப் பணம் கட்ட வேண்டும் என்று போட்டிருந்ததே, பார்த்தீர்களா? மருமகள் சொல்லுவாள். அப்படியென்றால் தெரியும்? தெரியும். வங்கிக்குக் கட்டினீர்களா? வங்கிக்கு இல்லை, இரும்பு வியாபாரிக்குக் கட்டினேன், அவன் சொல்லித்தான் கட்டினேன் என்று மச்சான் உட்கார்ந்திருந்த பக்கம் கையை நீட்டினார்.

நீதிபதி மச்சானைப் பார்த்தார். அப்படிச் சொன்னீரா என்று கேட்டார்.

மச்சான் எழுந்தான். "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றான்.

மூடிக்காரர் அவனையே பார்த்தார். அவன் இவரைப் பார்க்கவில்லை. புதுச் சட்டையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று வழியெல்லாம் கேட்டவன்.

அப்போதுதான் ஏலம் ஏன் தள்ளிப்போனது என்று இவருக்கு விளங்கியது. காய்ந்துபோன ஆலையை ஏலம் போட்டு வங்கிக்கு என்ன கிடைக்கும், உடைந்த அச்சும் குளிர்ந்த உலையும்தானே. ஏலத்தைத் தள்ளிவைப்பதற்குப் பதிலாக, சொந்த நிலம் வைத்திருக்கிற ஒரு ஆளை மச்சான் கொண்டுவந்து வங்கியின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டான். கொண்டுவந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. இவரே விமானச் சீட்டு எடுத்து வந்தார்.

கிழவர் இன்னும் உட்காரவில்லை. கடைசியாக விலாசம் கேட்டார். நாக்கு கிடங்கு விலாசத்தைச் சொல்லிவிட்டது. வேறு விலாசம் சொல்லி அதற்குப் பழக்கம் இல்லை. அந்தக் கிடங்கு வாடகை இடமா ஐயா என்றார் கிழவர், குசலம் விசாரிக்கிற மாதிரி.

ஆமாம் என்று சொன்னால் கிடங்கு தப்பும் என்று புரிந்தது, ஆனால் அது பொய் என்றும் புரிந்தது. நாற்பது பேர் முன்னால் நடந்ததை மட்டும் சொல்ல வந்தவர்.

"சொந்தம்" என்றார்.

பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் அதை அடித்தாள். சின்ன சத்தம்தான்.

வராந்தாவுக்கு வந்தபோது மச்சான் இல்லை. பெட்டியைக் காவலாளியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். மூடிக்காரர் சங்கிலி போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து மருமகளுக்குப் போன் போட்டார். ஏமாந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கோர்ட்டில் நன்றாகக் கேட்டார்கள், நாற்காலி எல்லாம் போட்டார்கள் என்று ஆரம்பித்தார். அவள் அதெல்லாம் கேட்கவில்லை.

"பேங்க் வக்கீல் என்ன சொன்னாரு மாமா?"

சொன்னார். கிடங்கில்தான் இருந்தாள் போலிருக்கிறது; தூரத்தில் ரயில் போகிற ஓசை கேட்டது.

பிறகு மெதுவாக, நாளைக்கே லாரி பிடித்து இருக்கிற சரக்கை எங்கேயாவது மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள். குரல் உடையாமல் கேட்டாள், அதுதான் அவரைக் கொன்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுக்கடுக்காக மூடிகள். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"எங்கம்மா கொண்டுபோய் வைப்ப?" என்றார். "நமக்கு இருக்கறதே அந்த இடம்தான."

கண்ணாடிக் கதவு திறந்தது. வங்கி வக்கீல் வெளியே வந்தார், கூடவே மச்சானின் வக்கீலும் வந்தார். இருவரும் ஒரே லிஃப்டுக்கு நின்றார்கள். லிஃப்ட் வந்ததும் கிழவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஐயா வரீங்களா, இடம் இருக்கு" என்று இவரைக் கூப்பிட்டார்.

மூடிக்காரர் பெட்டியைக் காலுக்கு நடுவில் இழுத்துவைத்துக்கொண்டு, வரவில்லை என்று தலையை ஆட்டினார். போன் இன்னும் காதில்தான் இருந்தது. அந்தப் பக்கம் மருமகள், கிடங்கின் கேட்டைப் பூட்டச் சொல்லி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.